சூடம் ஏற்றிய குறளி

நான் வரைந்த குறளியைப் பார்த்து அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட கையோடு கைபேசியையும் பயபக்தியாக என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் அதை அடித்து நொறுக்கியிருக்க வேண்டும். விளையாட்டில் அவள் கையில் ஒரு தடி இருந்தது. எதிரே ஊரைக் கொள்ளையடிக்க வந்த என் குறளி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. தடியை ஓங்குவதற்கான பொத்தான் திரையில் மின்னிக்கொண்டே இருந்தது. அவள் பெயர் அருள்மொழி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொறியியல் படிக்கிறவள். வகுப்பில்கூட மேசைக்கடியில் யாரையாவது சுட்டுக்கொண்டே இருப்பாள் என்று தோழிகள் பெருமையாகச் சொல்லித்தான் அவளை எங்களிடம் அழைத்து வந்திருந்தார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு என் குறளியின் மேல் கை ஓங்க மனம் வரவில்லை.

“அக்கா, இது சாமி. கோயில்ல சங்கு ஊதிக்கிட்டு நிக்குமே, அந்த பூதகணம். இத அடிச்சா பாவம்,” என்றாள்.

தோழிகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பக்கத்தில் நின்றிருந்த என் அக்கா புருஷன் கதிரவன் மாமா, சிரிப்பு வெளியே வந்துவிடாமலிருக்க வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது.

நான் இசைவாணி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா அமராவதியின் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, நானும் மாமாவும் ஒரு கைபேசி விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். மாமா நிரல் எழுதுகிறார், நான் உருவங்கள் வரைகிறேன். அக்கா நர்ஸ். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறவள் என்ற உரிமையில் எங்கள் வேலையில் எதைப் பற்றியும் கருத்துச் சொல்வாள். எங்களுடையது வேடமேற்று ஆடுகிற வகை விளையாட்டு. ஆடுகிறவர் ஒரு பாத்திரமாக மாறி, ஊர் ஊராக நடந்து, பேயோடும் பூதத்தோடும் சண்டை போட்டு, காசு சேர்த்து வளர்ந்துகொண்டே போக வேண்டும். இந்த வகையில் எதை எடுத்தாலும் முதல் காட்டிலேயே ஒரு குள்ளப் பேய் குறுக்கே வந்து நிற்கும். பச்சைத் தோல், நீளக் காது, வளைந்த மூக்கு. கோப்ளின் என்பார்கள். எங்கள் விளையாட்டில் நாங்கள் அதற்குக் குறளி என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்தப் பச்சைக் குள்ளனை என்னைப்போல் அறிந்தவர்கள் கம்மி. சென்னையில் வெளிநாட்டு விளையாட்டுகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். உருவத்தை வேறு யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்து அனுப்புவார்கள். எனக்குக் கொடுத்த வேலை காது. காதில் கிழிசல், காதில் வளையம், காதில் மரு, தலைவனுக்குப் பெரிய காது, அடியாளுக்குச் சின்னக் காது. வருஷக்கணக்கில் காது. நான் வரைந்த காதுகள் உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் ஒன்றுக்கும் என் பெயர் தெரியாது. நினைத்தாலே வயிறு எரியும். சாவதற்குள் ஒரே ஒரு பேயாவது உச்சி முதல் பாதம் வரை என்னுடையதாக இருந்துவிட வேண்டும் என்றுதான் அந்த வேலையை உதறிவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறினேன். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள், மாமாவைத் தவிர.

குறளி வரைவது சாதாரண வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய அரக்கனை எப்படி வரைந்தாலும் சமாளித்துவிடலாம். அவன் வரும்போது இசை மாறும், வானம் கறுக்கும், பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். குறளிக்கு அந்த ராஜ மரியாதை எல்லாம் கிடையாது. கைபேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் இது எதிரி என்று தெரிய வேண்டும். எதை வைத்து அடிக்கும் என்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை என்ன செய்வது என்று கை தானாக முடிவெடுக்க வேண்டும். ஆடுகிறவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம்.

சிதம்பரம் கோயிலில் பொழுதுக்கும் உட்கார்ந்து, பானை வயிறும் உருண்டைக் கண்ணுமாக நின்ற அந்தக் கணங்களை ஆசை ஆசையாக வரைந்து எடுத்து, அவற்றுக்குக் கோரைப்பல் வைத்துக் குறளியாக்கியிருந்தேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. அதைக் கொண்டுபோய் அதே சிதம்பரத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து அடிக்கச் சொன்னால் எப்படி அடிப்பார்கள்? என் மூளையை எங்கே அடகு வைத்திருந்தேனோ தெரியவில்லை.

சிதம்பரத்திலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் மாமா சிரித்துக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கத்தில்தான் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கைபேசியை என் மடியில் வைத்தார். எங்கள் விளையாட்டு, எங்கள் காடு, எங்கள் ஊர். ஆனால் குறளி நின்ற இடத்தில் பச்சைத் தோலும் நீளக் காதுமாக ஒன்று நின்றது. இணையத்தில் ரெடிமேடாக விற்கிறார்கள், வாங்கிப் பொருத்திப் பார்த்தேன், தெருவில் நாலு பேரிடம் கொடுத்தேன், கொடுத்த உடனே நாலு பேரும் அடித்தார்கள் என்று மாமா சொன்னார். அந்தக் காதை உற்றுப் பார்த்தேன். நான் போட்ட காதேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் மடியில் உட்கார்ந்துகொண்டு அது என்னையே கேலி செய்தது.

“ஏன் மாமா, இதுக்கா நான் வேலைய உட்டுட்டு வந்தேன்?” என்று கேட்டேன்.

மாமா நல்ல மனிதர், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் மச்சினி என்றெல்லாம் பார்க்க மாட்டார். அடுத்த சனிக்கிழமை அதே கல்லூரியில் மாணவர்கள் விளையாட்டுக் கண்காட்சி நடத்துகிறார்கள், நமக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள் என்றார். மேசையில் இரண்டு கைபேசிகளை வைப்போம், ஒன்றில் பச்சை, ஒன்றில் உன்னுடையது, எதை ஜனங்கள் விரும்பி அடிக்கிறார்களோ அதுதான் விளையாட்டில் இருக்கும் என்றார். திங்கட்கிழமை சென்னையில் வெளியீட்டாளருக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குமேல் காத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

“தோத்துட்டா மூக்க சிந்திக்கிட்டு உக்காரக் கூடாது. நானும் சிரிக்க மாட்டேன். சரியா?” என்றார்.

சரி என்று சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் வரைந்த கண்றாவிகளைச் சொல்லி மாளாது. காடாம்புலியூர் பக்கம் போய் மரத்தில் தொங்கிய பலாப்பழங்களைப் படம் எடுத்துவந்து, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு குறளி செய்தேன். பெரிதாகப் பார்த்தால் மிரட்டியது. கைபேசி அளவுக்குச் சுருக்கியதும் அக்கா எட்டிப் பார்த்து, கொரோனாக் கிருமி மாதிரி இருக்கிறதே என்றாள். சரி என்று முந்திரிக்கொட்டை மூக்கு வைத்து ஒன்று வரைந்தேன். இதற்குச் சளியா என்று கேட்டாள். பனங்காய்த் தலையோடு ஒன்று, நண்டுக் கையோடு ஒன்று. ஒவ்வொன்றையும் மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விடுவார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசை என்றால் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைப்பார்கள். அடுத்த நாள் காலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பாடு திண்டாட்டம். தெருமுனையில் வைத்திலிங்கத்தின் ஹார்டுவேர் கடை வாசலில் கூட்டம் மறித்ததால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வைத்திலிங்கம் ஒரு வெண்பூசணியை இரண்டு கையாலும் தூக்கிக் கடையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். பூசணியின் தலையில் சூடம் எரிந்தது. அவருக்குப் பின்னால் கடை நிலைப்படியில் இன்னொரு பூசணி கயிற்று உறியில் தொங்கியது. அதற்கு முறுக்கு மீசை, முழித்த கண், தொங்கிய நாக்கு எல்லாம் வரைந்து மாசக்கணக்காகியிருக்கும்.

மூன்று சுற்று சுற்றினார். ஓங்கித் தரையில் போட்டார்.

டப்பென்று ஒரு சத்தம். வெள்ளையாக இருந்தது சிவப்பாகத் திறந்துகொண்டது. உள்ளே அடைத்திருந்த குங்குமமும் விதையும் சாலையில் சிதற, அதற்குள்ளிருந்து சில்லறைக் காசுகள் தெறித்து உருண்டன. அந்தக் காசை எடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் எடுப்பார்கள். கோர்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வக்கீல், கறுப்புக் கோட்டோடு, ஒரு காசைச் செருப்பால் மிதித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஒரு காசு என் ஸ்கூட்டர் டயரில் முட்டி நின்றது. நான் குனிந்து அதை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் எடுத்திருக்கிறேன் என்பதே தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை, கை தானாகப் போயிருந்தது. ஈரமும் குங்குமமுமாக அந்த ஒரு ரூபாய் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருக்க, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளையாட்டுகளில் கோப்ளினை அடித்தால் காசு கொட்டும். ஒரு பேயின் வயிற்றில் காசு எப்படி வந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், எனக்கு யாரும் காரணம் சொன்னதில்லை. இதோ வயிற்றில் காசு வைத்திருக்கிற ஒன்று. பார்த்ததும் உடைக்கத் தோன்றுகிற ஒன்று. இருட்டில் வைத்தாலும் சாம்பல் பூத்த வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிற ஒன்று. நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். காசை மிதித்திருந்த வக்கீல் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக் காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேராக உழவர் சந்தைக்குப் போய் ஸ்கூட்டர் தாங்குகிற மட்டும் பூசணிக்காய் வாங்கினேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள், எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாடியில் கொண்டுபோய் சோபா, நாற்காலி, மாமாவின் மேசை என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் வைத்து, கரியும் குங்குமமுமாக ஒவ்வொன்றிலும் முகம் எழுத ஆரம்பித்தேன். எந்தக் கண் கைபேசி அளவில் தெரிகிறது, எந்த மீசை தூரத்திலிருந்து தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துச் சுருக்கிப் பார்த்தேன். உருவம் தானாக வந்துகொண்டே இருந்தது. பூசணிக் காம்புதான் உச்சிக்குடுமி. உறி கட்டுகிற கயிறு உடம்பைச் சுற்றிவந்து கைகளாகத் தொங்குகிறது. ஒரு கையில் ஆயுதம் வேண்டுமே என்று பார்த்தால் அதுவும் தயாராக இருந்தது. கடை வாசலில் கட்டுகிற எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம், அதைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கட்டும். குட்டையாக இரண்டு கால். காது கிடையாது. கிடையவே கிடையாது. வெறும் உருண்டையான தலை. அந்தக் காது இல்லாத இடத்தைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமா பார்த்தார். கண்ணைச் சுருக்கவில்லை. டீ குடிக்கவும் போகவில்லை. நாற்காலியில் இருந்த பூசணியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, “உடையிற மாதிரி எப்படிக் காட்டுறது?” என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா வேலை முடிந்து படியேறி வந்தாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். முகம் எழுதிய பூசணியை வீட்டு வாசலுக்கு வெளியேதான் கட்டுவார்கள். ஊர்க் கண்ணை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிற பொருள், அதை யாரும் உள்ளே கொண்டுவர மாட்டார்கள். அவள் வீட்டுக்குள்ளே, அவள் சோபாவில், அவள் தலையணையில் சாய்ந்தபடி, ஒரு கூட்டமே உட்கார்ந்து அவளை முழித்துப் பார்த்தது.

“இதெல்லாம் வெளிய போவுற வரைக்கும் இந்த வீட்டுல எனக்கு வேலை இல்ல,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குத் தூக்கினோம். அக்காவின் கோபம் அதோடு அடங்கவில்லை. சும்மா தூக்கிப் போட்டால் போதாது, முறையாகக் கழிக்க வேண்டும் என்று அவளே மேலே வந்து, ஒரு பூசணியை எடுத்து என்னையும் மாமாவையும் சேர்த்து நிற்க வைத்துச் சுற்றி, மொட்டைமாடித் தரையில் ஓங்கிப் போட்டாள். மாமா கைபேசியில் அதை மெதுவோட்டமாகப் படம் எடுத்துவிட்டார். போட்டுப் பார்த்தால் அத்தனை துல்லியம். முதலில் ஒரு விரிசல் மீசையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுகிறது, பிறகு ஒரு கண் தனியாகப் பிரிகிறது, பிறகுதான் மொத்தமும் மூன்று துண்டாகத் திறக்கிறது. நான் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அப்படி வரைந்திருக்க மாட்டேன்.

இன்னொரு தரம் போடு என்று மாமா கெஞ்சினார். அக்கா முறைத்தாள். பிறகு இன்னொன்றைத் தூக்கினாள். மூன்றாவதைத் தூக்கும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. டியூட்டியில் யார் யார் மேல் என்னென்ன ஆத்திரமோ, ஒவ்வொரு பூசணிக்கும் ஒரு பெயர் சொல்லிச் சொல்லிப் போட்டாள். பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டு, அமராவதி குடும்பத்துக்கு அப்படி என்ன பெரிய கண்ணு பட்டுவிட்டது என்று விசாரித்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. கல்லூரிக் கூடத்தில் எங்களுக்குக் கதவோரமாக ஒரு மேசை. இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இடது பக்கம் பச்சைக் காதுக்காரன், வலது பக்கம் என் குறளி. வலது பக்கம்தான் முதலில் கூட்டம் சேர்ந்தது. பூசணிக்கா டா, பூசணிக்கா டா என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள், சிரித்தார்கள், படம் பிடித்தார்கள். என் கால் தரையில் இல்லை.

ஆனால் யாரும் அடிக்கவில்லை.

முதலில் ஆடிய பையன் குறளியின் எதிரே போய் நின்றான். குறளி எலுமிச்சைச் சரத்தைச் சுழற்றியது. அவன் ஒதுங்கி, அதைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டான். அடுத்தவனும் அப்படித்தான். மூன்றாவதாக வந்தவன் தடியை ஓங்கப் போனபோது பின்னாலிருந்து ஒருவன் கையைப் பிடித்தான்.

“டேய், அது வாசல்ல காவலுக்கு நிக்குது. அதப் போயி ஒடைக்கிற?” என்றான்.

இடது பக்கக் கைபேசியில் பச்சைக் காதுக்காரன் செத்துக்கொண்டே இருந்தான். வரிசை மெல்ல மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. மாமா என் பக்கம் திரும்பவில்லை. சிரிக்க மாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஊருக்குள் நுழைகிற வாசலில், முறுக்கு மீசையும் முழித்த கண்ணுமாக, யாரும் தொடாமல் என் குறளி தன் பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தது.

வாசல். மீசை.

எனக்குச் சட்டென்று வைத்திலிங்கத்தின் கடை ஞாபகம் வந்தது. அங்கே இரண்டு பூசணி இருந்தன. நிலைப்படியில் தொங்கிய பூசணிக்குத்தான் முகம். அதை யாரும் தொடுவதில்லை, அழுகி விழும் வரை அது காவல். உடைத்த பூசணிக்கு முகமே கிடையாது. அதன் தலையில் சூடம் எரிந்தது. நான் காவல் பூசணியின் முகத்தை எழுதி, அதை வாசலிலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உடைக்கிற பூசணிக்கு விழுகிற அடி இதற்கு விழும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிற்பதை எவன் உடைப்பான்? நான் உடைப்பேனா?

மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவசரத்தில் வார்த்தை குழறியது.

“மாமா, ஊர் விளக்குல எரியுற தீய எடுத்து அது தலையில வையி. சூடம் மாதிரி. வாசல்லேர்ந்து எடுத்து முச்சந்தியில நிறுத்து. இப்பவே மாமா.”

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. மடிக்கணினியை மேசையடியில் வைத்து, சப்பணமிட்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். முகத்தை அழித்து வரைய நேரமில்லை. ஊர் விளக்குக்கு வரைந்த தீ விளையாட்டில் ஏற்கெனவே இருந்தது, இடம் மாற்றுவதும் பெரிய காரியமில்லை, ஆனால் எல்லாம் சேர்ந்து புதிதாகக் கைபேசிக்குள் ஏறுகிற வரைக்கும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டுகிற கோடு ஊர்ந்த வேகத்தில் எனக்கு உயிரே போயிற்று. அந்த நேரத்தில் கதவு வழியாக வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அருள்மொழி. என் பூதகணத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே அருள்மொழி.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். இந்தத் தடவையும் சாமியா அக்கா என்று கேட்டாள். கைபேசியை அவள் கையில் கொடுத்தேன்.

அவளுடைய பாத்திரம் காட்டிலிருந்து வெளியே வந்தது. ஊருக்குமுன் மூன்று பாதைகள் கூடுகிற இடத்தில் குறளி நின்றது. வெள்ளை உடம்பு, முறுக்கு மீசை, தலையில் படபடவென்று எரிகிற சூடம். திரை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கண் நேராக அந்தத் தீயில்தான் போய் விழுந்தது. அருள்மொழி நிமிர்ந்து நின்றாள். பொத்தானில் கை வைக்கவில்லை.

அவள் தன் பாத்திரத்தை நடத்திக் குறளியைச் சுற்றினாள். ஒரு சுற்று. எதற்கு என்று நான் மாமாவைப் பார்த்தேன், அவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது சுற்று. பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் நேராக நின்று தடியை ஓங்கி ஒரே போடு போட்டாள்.

விரிசல் மீசையைக் குறுக்கே அறுத்தது. ஒரு கண் பிரிந்தது. மொத்தமும் மூன்றாகத் திறந்து, சிவப்பு முச்சந்தி முழுக்கக் கொட்டி, காசு திரையின் நாலா பக்கமும் உருண்டது. கூடத்தில் எழுந்த கூச்சலில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அருள்மொழி அதை எதையும் கவனிக்கவில்லை. காசைப் பொறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஊரை நோக்கி நடந்தவள், ஊருக்குள் நுழையாமல் ஓரமாகப் போனாள். அங்கே ஒரு குளம் உண்டு. சும்மா அழகுக்கு நான் வரைந்து வைத்தது, அதற்கு விளையாட்டில் ஒரு வேலையும் கிடையாது. அந்தக் குளத்தில் தன் பாத்திரத்தை இறக்கிக் காலை நனைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் ஊருக்குள் போனாள். கழிப்பு முடித்துவிட்டுக் கால் கழுவாமல் எங்கள் பக்கம் யாரும் வீட்டுக்குள் போக மாட்டார்கள்.

“நான் இத எழுதவே இல்லியே,” என்று மாமா முணுமுணுத்தார். “சுத்துறதும் எழுதல, கால் கழுவுறதும் எழுதல.”

பிறகு வந்தவர்கள் எல்லோரும் சுற்றினார்கள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சுற்றாமல் அடித்த ஒருவனைப் பின்னாலிருந்தவர்கள் திட்டித் திரும்ப ஆட வைத்தார்கள். மாமா அதே சப்பணத்தில் அதே மேசையடியில், சுற்றிவிட்டு உடைத்தால் காசு ஜாஸ்தி, காலை நனைத்தால் உடம்பில் பட்ட அடி ஆறும் என்று எழுதிச் சேர்த்துவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்தும் வரிசை கலையவில்லை. இடது பக்கக் கைபேசியில் பச்சைக் காதுக்காரன் ஆள் இல்லாமல் காதை ஆட்டிக்கொண்டு நின்றான். மாமா அதை எடுத்தார், அணைத்தார், பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் பார்சல் வாங்கப் போனார்.

அருள்மொழி மட்டும் போகாமல் மேசையோரமே நின்றாள். குறளி உடையாமல் சும்மா நிற்கிற காட்சியைப் பெரிதாக்கி, கயிற்றுக் கையை, காம்புக் குடுமியை, எலுமிச்சைச் சரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அக்கா, இத யாரு வரஞ்சது?” என்றாள்.

அத்தனை வருஷம், அத்தனை காது, யாரும் ஒரு தடவைகூட என்னைக் கேட்காத கேள்வி. பதிலை எப்போதோ தயார் செய்து வைத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். “நான்தான்,” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். “மொத்தமும் நான்தான்.”

அவள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். கைபேசியை மேசையில் வைத்தாள். இரண்டு கையையும் நீட்டி, என் முகத்தை மேலிருந்து கீழாக வழித்து எடுத்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். விரல்கள் படபடவென்று சொடுக்கின.

“ஊர் கண்ணே பட்டிருக்கும்க்கா. வீட்டுக்குப் போனதும் சுத்திப் போடச் சொல்லுங்க,” என்றாள்.